எஸ்தர் பாட்டுக்கு ஐந்தாவது கம்பி

கல்யாண மண்டபத்தில் பந்திக் கூடத்து வாசலில் கம்பெனி சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். மேடையில் என் மனைவி எஸ்தர் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வழக்கமாக நான் நிற்கிற இடத்தில், வேறொருவன் நின்று பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தான்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற ரோட்டில் இருக்கிறது அந்த மண்டபம். ஒரு ரிசப்ஷனுக்கு எங்கள் மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலை. அன்றைக்கென்று மாற்று டிரைவர் வரவில்லை, ஷிப்டை விட முடியவில்லை.

"நீ ஒண்ணும் பேஜார் ஆவாத தாசு. வாலாஜாபாத்துல ஸ்டீபன்னு ஒரு பையன் கீறான். ஒரு நாளைக்கு வந்து வாசிச்சிட்டுப் போவட்டும்" என்று சுகுமார் அண்ணன் போனில் சொன்னார். குழு அவருடையது. மேடையில் கீபோர்ட் வாசிப்பார், பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை.

நான் ஷிப்டை முடித்துக்கொண்டு ஓடி வந்தபோது பாதிக் கச்சேரி ஆகியிருந்தது. எஸ்தர் பாடிக்கொண்டிருந்தது ஒரு பழைய சினிமாப் பாட்டு. எத்தனையோ மேடையில் நான் வாசித்த பாட்டுதான். ஆனால் அன்று எனக்கு அது புதுப் பாட்டு மாதிரி கேட்டது.

சரணத்தில் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே எப்போதும் அவள் கழுத்து நரம்பு புடைக்கும். அன்று புடைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டித் தண்ணீர்ச் சொம்பை எடுக்கிற மாதிரி சுலபமாக அந்த ஸ்வரத்தை எடுத்தாள். பந்தி பரிமாறுகிற ஆள் சாம்பார் வாளியோடு என் பக்கத்தில் வந்து நின்று, "யாருப்பா இந்தப் பொண்ணு, இன்னாமா பாடுது" என்றான். என் மனைவி என்று சொல்ல வாய் வரவில்லை.

பாட்டு முடிகிற இடத்தில் பேஸ் கீழே இறங்கியது. என் பக்கத்தில் மேஜை மேல் இருந்த பாயாசப் பாத்திரத்தின் மூடி கிர்ரென்று அதிர்ந்தது. அவ்வளவு கீழே நான் போனதே கிடையாது. என் கிடாரில் அந்த ஸ்வரமே இல்லை.

எஸ்தர் திரும்பி அவனைப் பார்த்தாள். சிரித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. அவன் கிடாரின் தலையில் இருந்த முறுக்காணிகளை எண்ணினேன். ஐந்து. என்னுடையதில் நாலு.

பரம்பரை வியாதி

பொறாமை எங்கள் குடும்பத்தில் ரத்தத்திலேயே ஓடுகிறது. எங்கள் அப்பா கூலி வேலைக்காரர். காலனியில் எங்கள் எதிர்வீட்டில்தான் முதலில் டிவி வந்தது. கூரை மேல் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். அப்பா இரண்டு நாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய மூங்கில் ஒன்றைத் தோளில் சுமந்துவந்து எங்கள் வீட்டின் மேல் நட்டு, உச்சியில் ஆன்டெனாவும் கட்டிவிட்டார்.

எங்கள் வீட்டில் டிவி இல்லை. அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் இல்லை. காக்கா உட்கார்ந்தது, அவ்வளவுதான். "அவனது எத்தினி அடி, நம்மளது எத்தினி அடி, பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார்.

அவர் பிள்ளை நான். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

யாருக்கும் கேட்காத வாத்தியம்

பேஸ் கிடார் என்றால் என்ன என்று ஊரில் எனக்கு விளக்கிச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. பார்க்கக் கிடார் மாதிரி இருக்கும், கழுத்து நீளம், கம்பி தடிமன். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போகுமே, அது. அது இருக்கும்போது யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் பாட்டு அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். திருவிழா மேடையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் அதுவும் தெரியாது. "தம்பி, நீ சும்மா கையத்தான ஆட்டிக்கினு கீற?" என்று ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்.

என்னுடையது கலைந்துபோன ஒரு குழுவிலிருந்து வாங்கிய நாலு கம்பிக் கிடார். மேலிருந்து இ, ஏ, டி, ஜி. ஆகத் தடிமனான இ கம்பியைச் சும்மா தட்டினால் வருவதுதான் அதில் ஆகக் கீழே உள்ள சத்தம். மூன்று கட்டை சுருதி. அதற்குக் கீழே, டி என்கிற இரண்டு கட்டைக்கும் இன்னும் கீழே ஒரு கட்டைக்கும் போக வேண்டுமென்றால், இன்னும் தடிமனாக ஐந்தாவது கம்பி ஒன்று வேண்டும்.

கல்யாணமான புதிதில் என்னிடம் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி கிடையாது. மின்சாரக் கிடாரை ஆம்ப் இல்லாமல் தட்டினால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். எஸ்தர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கிடாரின் கட்டையில் காதை அழுத்தி வைத்துக்கொள்வாள். கட்டை வழியாகச் சத்தம் நன்றாகக் கேட்குமாம். அப்படியே சுருதி பிடித்துப் பாடுவாள். அவள் தலையில் வைத்த கனகாம்பரம் என் முழங்கையில் உரசும்.

அந்த நாட்களில் நான் ஒழுங்காக ஒரு பாட்டும் வாசித்ததில்லை. அது வேறு விஷயம்.

அவளுக்குப் பெண்களில் கொஞ்சம் கனத்த குரல். சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் "ஆம்பளக் கொரல்" என்று கேலி செய்வார்களாம். மேடையில் எஸ்தர் பாட்டு என்றாலே எங்கள் குழுவில் இ சுருதிதான். சுகுமார் அண்ணன் கேட்கவே மாட்டார், கீபோர்டில் பட்டனை அழுத்தி இ-க்கு மாற்றிவிடுவார். கச்சேரி முடிந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும். மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பேன். தொண்டை பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

முதுகில் கேட்ட பாட்டு

ரிசப்ஷன் முடிந்ததும் ஸ்டீபனே என்னைத் தேடி வந்தான். வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். மரியாதையான பையன். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"அண்ணே, அக்கா வாய்ஸ் சூப்பர்ண்ணே. டி-ல பாடச் சொல்லோ அப்படியே ரூம் ஃபுல்லா வருதுண்ணே" என்றான். இத்தனை வருஷமாக அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிறவனிடம் வந்து சொல்கிறான். கிடாரை நீட்டி, "வாசிச்சிப் பாருங்கண்ணே" என்றான்.

"கையெல்லாம் ஆயிலு" என்றேன். கையில் ஆயில் ஒன்றும் இல்லை.

பைக்கில் வீட்டுக்கு வரும்போது எஸ்தர் பின்னால் உட்கார்ந்து முனகிக்கொண்டே வந்தாள். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். அவள் நெஞ்சுக்கூட்டின் அதிர்வு என் முதுகில் தெரிந்தது. அதே பாட்டு, அதே தாழ்ந்த சுருதி. என் மேல் சாய்ந்துகொண்டு அவனோடு பாடிய பாட்டைப் பாடுகிறாள் என்று தோன்றியதும், பள்ளம் பார்க்காமல் வண்டியை விட்டேன்.

"இன்னாயா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்றாள்.

அவனுக்கு ஐந்து என்றால் எனக்கு ஆறு

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். இ கம்பியின் முறுக்கைத் தளர்த்தி டி-க்கு இறக்கிவிடலாம். பலபேர் செய்வதுதான். ஒரு காதுகுத்துக் கச்சேரியில் செய்தேன். எனக்கு வாய்த்த பழைய கம்பி தொளதொளவென்று ஆகி, தட்டுகிறபோதெல்லாம் சடக் சடக் என்று கட்டையில் அடித்தது. அந்தக் கம்பியில் ஸ்வரமெல்லாம் இடம் மாறிவிட்டதால் அடுத்த பாட்டில் விரல் பழைய இடத்துக்கே போனது. சுகுமார் அண்ணன் கீபோர்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தாசு, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றார்.

சரி, வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். தீபாவளி போனஸுக்குள் அடங்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். விலை குறைந்த ஐந்து கம்பிக் கிடார் எது நல்லது என்று உலகத்தில் இத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் போன் ஸ்பீக்கரில் அந்த ஐந்தாவது கம்பி கேட்கவே இல்லை. ஆளின் கை அசைகிறது, சத்தம் வரவில்லை. அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டது எனக்கே நியாயமாகப் பட்டது.

கம்பெனி பஸ்ஸில் நல்ல ஸ்பீக்கர் உண்டு. கம்பெனி கேட்டுக்கு வெளியே ஷிப்டு விடக் காத்திருக்கிற நேரத்தில் அதில் இணைத்துப் போட்டுக் கேட்டேன். ஷிப்டு முடிந்து ஏறுகிற பெண்கள், "அண்ணா, இன்னாண்ணா இது, மாடு செனைக்குக் கத்தற மாதிரி கீது, பாட்டு போடுண்ணா" என்றார்கள்.

அப்படிக் கேட்டுக் கேட்டுச் சில விஷயங்கள் புரிந்தன. ஐந்து கம்பி இருந்தால் மட்டும் போதாது. தடித்த கம்பி விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் கிடாரின் கழுத்து கொஞ்சம் நீளமாக இருந்தால் நல்லது. விலை குறைந்ததில் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சிலதில் பேட்டரி போட வேண்டும், பாதிக் கச்சேரியில் பேட்டரி தீர்ந்தால் ஊமைதான். கனமும் பார்க்க வேண்டும். நாலு மணி நேரம் தோளில் தொங்குகிற சாமான்.

இவ்வளவு புத்தி வந்த பிறகுதான் ஆறு கம்பிக் கிடார் ஒன்று கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ஸ்டீபன் ஆறு கம்பியைப் பார்க்கிறான், முகம் சுருங்குகிறது என்று நான் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கனவு கண்டேன். கூரை மேல் மூங்கில் நட்டவருக்கு வேறு எப்படிப் பிள்ளை பிறக்கும்?

கடையில்

மெட்ராஸுக்கு எஸ்தரும் வந்தாள். வேலை பார்க்கிற அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். "நீ தனியாப் போனா எவனா பளபளன்னு எதனா காட்டுவான், வாங்கிக்கினு வந்துடுவ" என்பது அவள் சொன்ன காரணம்.

கடைக்காரர் நடுவயது மனிதர். வரிசையாகத் தொங்கிய கிடார்களைக் காட்டி எது வேண்டும் என்றார்.

"ஆறு கம்பி கீதா?" என்றேன்.

எடுத்துக் கொடுத்தார். கழுத்து பெஞ்சுப் பலகை அகலம். கட்டை விரலைப் பின்னால் வைத்தால் மற்ற விரல்கள் முன்பக்கம் வந்து சேரவில்லை. தோள்பட்டை இறங்கியது. எனக்கு ஐந்தடி நாலு அங்குலம்தான் உயரம். நான் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த எஸ்தர், "இன்னாயா, கழண்டு வந்த கதவப் புடிச்சிக்கினு நிக்கற மாதிரி நிக்கற" என்றாள். கடைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

ஆறு கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து கம்பியில் போனஸுக்கு அடங்குகிற மாதிரி இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. ஸ்டீபனுடையது வெறும் கறுப்பு. நான் சிவப்பைத்தான் எடுத்தேன். ஆம்பில் சொருகி ஐந்தாவது கம்பியைத் தட்டினால் ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

இன்னொன்று மரவட்டை நிறம். பார்க்க ஒன்றுமே இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் நீளம். ஐந்தாவது கம்பியில், கழுத்தின் மூன்றாம் கட்டமான மூன்றாம் ஃபிரெட்டில் விரலை வைத்து அந்த டி-யைத் தட்டினேன். கடைக் கண்ணாடிக் கதவு லேசாக நடுங்கியது. சத்தம் உருண்டையாக வந்து, நான் விரலை எடுக்கும் வரைக்கும் நின்றது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க, பாடு பாக்கலாம்" என்றேன் எஸ்தரிடம்.

"எந்த ஸ்கேல்ல?"

"உனக்கு எது சொகமா கீதோ அதுல பாடேன்."

அவள் என்னையே பார்த்தாள். "இன்னிக்குத்தான் கேக்கற" என்றாள்.

"இன்னாது?"

"எனக்கு எது சொகம்னு. கண்ணாலம் ஆயி பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் கேக்கற."

"நீ இ-லதான பாடுவ?"

"நீ இ-லதான தட்டுவ. புதுசுல நான் கட்டைல காத வெச்சிக் கேக்கச் சொல்லோ அந்த ஒரு கம்பிதான் நல்லா கேக்கும். அத்தப் புடிச்சிக்கினேன். அப்பறம் சுகுமாரண்ணன் மிஷின்ல அத்தயே போட்டுட்டாரு. மேல போவச் சொல்லோ தொண்ட கிழியும். அதான் என் சுருதி போலக் கீதுன்னு நானும் பாடிக்கினு கெடந்தேன்."

அதைக் கேட்ட பிறகும் என் வாயிலிருந்து வந்த கேள்வி இதுதான்: "அவன் கேட்டானா?"

"யாரு? ஸ்டீபனா? கேட்டான். மேடைக்கு ஏறச் சொல்லோ, அக்கா, உங்களுக்கு எது வசதின்னான். எனக்கே தெரியலயே, இன்னா சொல்றது? அவனே எறக்கி எறக்கிப் பாத்தான். டி-ல வந்து ஒக்காந்துச்சி. எனக்கு இப்படி ஒரு கொரல் கீதுன்னே அன்னிக்குத்தான் தெரியும். அந்தச் சந்தோசத்துல அவனப் பாத்து சிரிச்சேன். நீ அத்தப் பாத்துக்கினு வந்துதான பள்ளத்துல வண்டி வுட்ட?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டுப் பேர் இருக்கிற குழுவில் யாருக்குமே தோன்றவில்லை. எஸ்தர் பாட்டு என்றால் இ என்பது, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி எங்களுக்கு. ஆனால் நியாயம் பேசுவதால் எரிச்சல் குறைகிறதா? அதுவரை அவனிடம் இருந்த கம்பியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். கம்பியாவது போனஸில் வாங்கக் கிடைக்கிற சாமான். அவன் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறான். என் பெண்டாட்டியின் சொந்தக் குரலை உலகத்தில் முதலில் கேட்டவன், வாலாஜாபாத்திலிருந்து ஒரு நாள் மாற்றுக்கு வந்த ஆள். இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடைக்காரர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். "எதை பில் போடட்டும்?" என்றார்.

மரவட்டை நிறத்தைக் காட்டினேன்.

ஒரு கட்டை

திரும்பும்போது கிடாரை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். வாலாஜாபாத் வந்தபோது நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். எஸ்தர் அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு அம்மா பஸ்ஸில் ஏறியிருந்தார், அவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் ஆம்பில் சொருகினேன். சின்ன வீடு. டி-யைத் தட்டினால் அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. எஸ்தர் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அதே பழைய பாட்டை டி-யில் பாடினாள். நன்றாக இருந்தது. ரிசப்ஷனில் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கு அதுதான் கஷ்டம்.

"இன்னும் எறக்கினா எப்படி கீது?" என்று கேட்டேன். இப்போது நான் கேட்கிறவன் ஆகிவிட்டேன்.

"ஒண்ணுல பாக்கலாமா?" என்றாள்.

ஒரு கட்டை என்றால் சி. ஐந்தாவது கம்பியில் முதல் ஃபிரெட். விரலை வைத்தேன்.

"இதுல நீ எப்பனா பாடிக்கிறியா?"

"இல்ல."

"ஸ்டீபன்கூட?"

"அவன் எறக்கினது டி வரிக்கும்தான். அதுக்குக் கீழ போவல."

இத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சும்மா ஹம்மிங்காவது?" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கட்டையில் பாட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தடுமாறித்தான் ஆரம்பித்தாள், முதல் வார்த்தை காற்றாகப் போனது. இரண்டாவது வார்த்தையில் குரல் காலூன்றிவிட்டது. பாட்டை யாருக்கும் கேட்கப் பாடுகிற மாதிரி இல்லை, வீட்டுக்குள் வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருந்தது. பல்லவி முடிந்து சரணம் போனது. உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எஸ்தர் பாடுவதை நிறுத்திக் கண்ணைத் திறந்தாள். கம்பி மேல் சும்மா கிடந்த என் கையைப் பார்த்தாள்.

"இன்னாயா, வாசிக்கிறியா? இல்ல வாலாஜாபாத்துக்குப் போன் போடட்டா?"

வாசித்தேன்.